கைப்பிடிப் பக்கம் ஒதுக்கப்பட்டது

படிக்கட்டு வரைவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. முகம் வரைந்துவிடலாம், கூட்டம் வரைந்துவிடலாம், இடிந்து கிடக்கிற ஊரைக்கூட ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். படிக்கட்டில் ஒரு ஆளை ஏற வைத்துப் பாருங்கள், நம் லட்சணம் தெரிந்துவிடும். கால் ஒரு படியில் இருக்கும், உடம்பு இன்னொரு படியில் இருக்கும். பார்க்கிறவர் ஏதோ தப்பு என்பார், என்ன தப்பு என்று அவருக்கும் சொல்லத் தெரியாது. இந்தத் தொழிலில் எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, இன்னமும் படிக்கட்டு என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். முதல் என்றால் எனக்கு அது படிக்கட்டுதான், அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கொடுத்த தாளின் ஓரத்தில் அங்கங்கே படம் விழுந்திருக்கிறது. கை சும்மா இருக்காது. அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

என் அக்கா வீட்டுக்காரர் எழுத்தாளர். நானும் அவரும் சேர்ந்து ஒரு கிராஃபிக் நாவல் செய்துகொண்டிருந்தோம். கதை மாமாவுடையது, படம் என்னுடையது. நாசமாய்ப் போன ஒரு வருங்காலத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம். உள்ளே இருக்கிறவர்கள் நிற்பதற்கும் நடப்பதற்கும் விதி பார்த்து வாழ்கிறார்கள். எழுத்தாளருக்கு இதெல்லாம் நோகாத வேலை. 'ஆயிரம் பேர் பயத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மாமா தூங்கப் போய்விடுவார். அந்த ஆயிரம் பேருக்கும் மூக்கு வைக்க வேண்டியவன் நான். அவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள், எந்தச் சுவர் ஓரம் நிற்கிறார்கள், அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் என் தலையில் விடியும்.

கதையில் விதி போடுகிற இடத்துக்குக் 'குடியிருப்பு ஒழுங்கு மையம்' என்று பெயர். அதற்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. கண், முஷ்டி, கழுகு எல்லாம் மற்றவர்கள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நான் ஒரு வட்டத்துக்குள் மடக்கிய குடையை வரைந்தேன். விரித்த குடை என்றால் உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று அர்த்தம். மடக்கிய குடை என்றால், எப்போது விரிப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். என் உழைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குடைதான், இன்றைக்கும்.

பதிப்பகத்தில் எங்களுக்கு வாய்த்த எடிட்டர் அம்மா கறாரானவர். புகழ்ந்தாலும் அரை வாக்கியத்தில் முடித்துவிடுவார். முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். அதில் படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவிப்பு இருக்கும்: 'சுவர்ப் பக்கமாக மட்டும் நடக்கவும். கைப்பிடிப் பக்கம் ஒதுக்கப்பட்டது.' கட்டடத்தில் உள்ளவர்கள் சுவரை உரசிக்கொண்டு ஏறி இறங்குவார்கள். எடிட்டர் அம்மா போனில் கூப்பிட்டார்.

"படம் நல்லாருக்கு. ஆனா நம்ப முடியல."

"எது மேடம்?"

"யாருக்கு ஒதுக்கியிருக்குன்னு ஒருத்தர்கூடவா கேக்கமாட்டாங்க? மனுஷங்க அவ்வளவு மக்கு இல்லீங்க. ஏதாவது மிரட்டல், துப்பாக்கி, அப்படி வையுங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. துப்பாக்கி வைத்தால் எந்தக் குழந்தையும் சுவரோரமாகப் போகும், அதில் என்ன பெருமை இருக்கிறது. என் விதி தானாகவே நிற்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனால் தெரியும் என்று சொன்னால் எடிட்டர் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், காட்ட வேண்டும். நானும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறேன். அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், வந்து பார்ப்பதே இல்லை. ஆகவே ஒரு சாம்பல் நிற அட்டையை எடுத்து, கதையில் இருக்கிற அதே எழுத்தில், அதே குடையோடு, அதே வாசகத்தை எழுதிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒட்டினேன். ஒரு சோதனைதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் செய்வதில்லையா.

முதலில் பார்த்தவர் இரண்டாம் மாடி பேங்க் அண்ணன். பேங்க்கில் கேஷியர், நல்ல ஆகிருதி, பேசினால் பாதி சிரிப்பாகத்தான் வரும். கையில் தண்ணீர்க் கேனோடு வந்தவர் அறிவிப்பைப் படித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு கேனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் ஒதுங்கி ஏறினார். மேலேயிருந்து மூன்றாம் மாடி டீச்சர் துணி வாளியோடு இறங்கிவந்தார். அவரும் படித்தார், அவரும் ஒதுங்கினார். இருவரும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு யானை போகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அண்ணன் வயிற்றை எக்கினார், டீச்சர் வாளியைத் தலைக்குமேல் தூக்கினார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், நான் கீழ எறங்கிக்கறேன்."

"பரவால்ல சார், நான் மேல போயிடறேன்."

நான் என் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். அந்தத் தோள் வளைவு, அந்த வயிறு எக்கல், படியில் கால் பாதி தொங்குகிற விதம், எதுவும் நான் கற்பனையில் எட்டியிருக்கக்கூடியது இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் படிக்கட்டு சரியாக வந்தது.

யாருக்கு ஒதுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது. கைப்பிடியில் கரண்ட் பாய்கிறது என்றார் ஒருவர். பெரிய ஆள் யாரோ குடிவருகிறார் என்றார் இன்னொருவர். டீச்சர் என்னிடமே வந்து, தீயணைப்புத் துறையின் புதுச் சட்டம் இது, நல்லதுக்குத்தான் என்று விளக்கினார். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். புதிய படங்களை அனுப்பினேன். எடிட்டர் அம்மா, "இப்ப நம்ப முடியுது" என்றார். எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை.

பிறகு லிஃப்ட். இதற்குத் தொழில் சம்பந்தமான ஒரு காரணம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்திரத்தை உருவாக்குவது என்றால் முகம் வரைவதோடு முடிந்துவிடாது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்றையும் ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நூறாவது பக்கத்திலும் ஆள் மாறாமல் இருப்பார். முகத்தைக் காட்ட எல்லாரும் தயார், முதுகைக் காட்டி யார் நிற்பார்கள். எனவே 'லிஃப்ட்டில் சுவரைப் பார்த்து நிற்கவும்' என்று ஓர் அட்டை வைத்தேன். அதன் பிறகு லிஃப்ட் கதவு மூடுவதற்குள் எனக்கு ஒரு வரிசை முதுகு கிடைத்துவிடும். டீச்சர்தான் அருமை. லிஃப்ட்டுக்கு வெளியே நின்று பேங்க் அண்ணனிடம் உடம்பு எப்படி என்று ஆரம்பிப்பார், உள்ளே போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மீதியைச் சுவரிடம் விசாரிப்பார். அண்ணனும் எதிர்ச் சுவரிடம் பதில் சொல்வார். நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். நீங்களும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

மூன்றாவது, உடை. பொது இடங்களில் எல்லாரும் சாம்பல் நிற மேலங்கி அணிய வேண்டும் என்று வைத்தேன். அங்கேதான் தையல் அக்கா கதைக்குள் வருகிறார்.

அக்கா கீழ்த்தளத்தில், கேட்டை ஒட்டின ஒற்றை அறையில் இருந்தார். முன்பாதியில் தையல் மெஷின், பின்பாதியில் குடித்தனம், நடுவில் ஒரு திரை. கட்டடத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பும் அவர் கையால் தைத்தது. புருஷனைப் பற்றிக் கேட்டால், "ஆளு போனான், மெஷின் இருந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். என்னை எப்போதும் தம்பி என்பார். நான் செய்கிற வேலையைப் பொம்மைக் கதை என்பார். இதில் எனக்கு வருத்தமில்லை, என் சொந்த அக்காவும் அப்படித்தான் சொல்கிறாள்.

மேலங்கி அறிவிப்பு வந்ததும் கட்டடமே அவர் வாசலில் வந்து நின்றது. அக்கா சிரித்துக்கொண்டே அத்தனை பேருக்கும் தைத்துக் கொடுத்தார். நானும் அளவு கொடுக்கப் போனேன். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, என் தோளில் டேப்பை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி, இந்த நோட்டீஸுக்குக் கீழ ஒரு கையெழுத்து வேணாமா?"

"பெரிய எடத்துல எல்லாம் அப்படித்தாங்க்கா. சின்னம் இருக்கே."

"கொடையா? கொடைய வெச்சு நான் என்ன பண்ண? பெரிய எடமோ சின்ன எடமோ, சொல்றவனுக்கு ஒரு மூஞ்சி இருக்கணும்ல. கைய மடக்காத, நேரா நில்லு."

தனக்கு மட்டும் அவர் மேலங்கி தைத்துக்கொள்ளவில்லை. மஞ்சளில் பூப்போட்ட பழைய உடுப்போடுதான் திரிந்தார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அது பிடிப்பதற்கென்று வைத்ததுதானே என்பது அவர் கட்சி. லிஃப்ட்டில் எல்லாரும் சுவரைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் கதவைப் பார்த்து நின்று எல்லார் முதுகோடும் பேசினார். சாம்பல் கூட்டத்தின் நடுவே அந்த மஞ்சளைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கதையில் அதுவரை கதாநாயகி இல்லை. மாமாவுக்கு ஆம்பிளைகளை மட்டும்தான் எழுத வரும். நான் அக்காவை மூன்று பக்கமும் வரைந்தேன். நிழலுருவாகக் கறுப்பில் நிரப்பினாலும் ஆள் தெரிந்தது. ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதுதான் எங்கள் பரீட்சை.

எடிட்டர் அம்மா முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினார். "இவங்கதான் இந்தப் புத்தகம். இவங்களுக்கு என்ன ஆகப்போகுதுன்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ளல."

நான் மாமாவிடம் சொன்னேன். மாமா கொட்டாவி விட்டபடி எழுதினார்: 'கதவில் கோடு போடப்படுகிறது. மெல்ல மெல்ல ஒதுக்கப்படுகிறாள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து அவளை வெளியேற்றுகிறார்கள். கேட் சாத்தப்படுகிறது.' எழுதிவிட்டுத் தூங்கப் போனார். இது அவர் எழுதிய கதை என்பதைத் தயவுசெய்து மறந்துவிடக் கூடாது. நான் வரைகிறவன்.

எனக்கு அக்காவின் மேல் எந்த வன்மமும் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் மெல்ல மெல்ல ஒதுக்குவது என்று எழுதிவிட்டால் போதுமா. அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? ஒதுக்குகிறவர் கண்ணை எங்கே வைத்துக்கொள்வார், கையை என்ன செய்வார்? 'ஒழுங்கு தவறியவர் வீட்டுக் கதவில் கோடு போடப்படும்' என்று மட்டும் எழுதி ஒட்டினேன். யார் வீடு என்று எழுதவில்லை. கோட்டை நானே நல்லபடியாகப் போடலாம் என்று பிரஷ்ஷைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே போனால், அதற்குள் யாரோ அக்கா கதவில் போட்டுவிட்டிருந்தார்கள். கோணல் கோடு. பெயின்ட் வழிந்து தரையெல்லாம் சிந்தியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு நேர்கோடுகூட ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் எதற்கு இந்த வேலையில் இறங்குகிறார்கள்?

அதற்குப் பிறகு என் கட்டுப்பாட்டில் இல்லாத சில விஷயங்களும் நடந்தன. நான் எழுதாத ஓர் அறிவிப்பு ஒருநாள் சுவரில் இருந்தது: கீழ்த்தளத் தையல் கடைக்கு யாரும் துணி கொடுக்கக் கூடாது. குடையைத் தலைகீழாக வரைந்திருந்தார்கள். எழுத்து பேங்க் அண்ணனுடையது, பேங்க் சீட்டில் பார்த்திருக்கிறேன். என் பெயரில், அதாவது ஒழுங்கு மையத்தின் பெயரில், இப்படி ஓர் அரைகுறை வேலை தொங்குவதை என்னால் சகிக்க முடியவில்லை. உடனே கிழித்தேன். அதே வாசகத்தை நல்ல அட்டையில், இடைவெளி பார்த்து, குடையை நேராக வரைந்து மறுபடி ஒட்டினேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். மறைக்கிற எண்ணம் இருந்தால் சொல்வேனா.

அக்காவுக்குத் துணி வருவது நின்றது. டீச்சர் அவர் வாசலைத் தாண்டும்போது அங்கிப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். கண்ணை எங்கே வைப்பார்கள் என்ற என் கேள்விக்கு அதுதான் பதில். பிறகு யாரோ அக்காவின் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார்கள். அக்கா காலி வாளியோடு என் வீட்டுக்கு ஏறிவந்தார். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை, தண்ணீர் கொடுத்தேன். வாளி நிறைகிற நேரத்தில் அவரை ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது.

"படமா வரையற? வரஞ்சுக்கோ. இந்த மூஞ்சிய வேற யாரு பாக்கறாங்க இப்ப."

"எல்லாம் சரியாயிடுங்க்கா."

"எங்க தம்பி சரியாவுது. இந்த ரூம விட்டா மெஷின் போட எனக்கு வேற எடமே கெடையாது. மெஷின் இல்லன்னா நான் யாரு, சொல்லு. நீ படிச்சவன். அந்தக் கொடை போட்ட ஆபீஸு எங்க இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லேன். நான் நேர்ல போய்க் கேட்டுக்கறேன். நம்ம மேல என்னதான் தப்புன்னு சொல்லட்டும்."

விசாரிக்கிறேன் என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு, "நீ ஒருத்தன்தான் இந்தக் கட்டடத்துல மனுஷன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவ்வளவு கனத்தோடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வரைந்த படம் நன்றாக வந்ததும் அது போய்விட்டது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். வெளியேற்றும் காட்சியை மாமா எழுதியபடியே வரைந்து அனுப்பினேன். எடிட்டர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

"சாரி. இதை மட்டும் என்னால ஒத்துக்க முடியாது. அவங்க தைச்சுக் குடுத்த கோட்டப் போட்டுக்கிட்டே அவங்கள வெளிய தள்ளுவாங்களா? ஒரு ஆளாவது உள்ள கூப்புட்டுப்பாங்க. மனுஷங்க மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை மிகவும் காயப்படுத்தியது. மனிதர்கள் மேல் நம்பிக்கை இல்லாமலா நான் இந்தப் புத்தகத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டேன். மக்களே, எச்சரிக்கையாக இருங்கள், உங்களையும் இப்படி ஆக்கிவிடுவார்கள் என்று சொல்கிற புத்தகம் இது. இதைப் படித்து ஒரு பத்துப் பேர் விழித்துக்கொண்டால் அதுவே எனக்குப் போதும். அப்படிப்பட்ட புத்தகம் கடைசிக் காட்சியில் பொய்யாகிப் போக நான் விடமாட்டேன்.

எனவே கடைசி அட்டையை எழுதினேன்: 'கீழ்த்தளக் குடியிருப்பாளர் ஞாயிறு மாலை வெளியேற வேண்டும். அனைவரும் கூட வேண்டும். வெளியேறியதும் கேட் சாத்தப்படும்.' யார் சாத்துவார்கள் என்று எழுதவில்லை. மையத்தின் நடை அப்படி. அது யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாது, அதனால் எல்லாரும் தங்களைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிறு சாயங்காலம் நல்ல வெளிச்சம். லேசாகத் தூறல் வேறு, அது நான் எதிர்பார்க்காத வரவு. முதல் மாடித் திருப்பத்திலிருந்து பார்த்தால் கேட்டும் முற்றமும் முழுதாகத் தெரியும். எல்லாரும் சாம்பல் அங்கியில் இறங்கிவந்து நின்றார்கள். பேங்க் அண்ணனும் இன்னும் சிலரும் மெஷினைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே வைத்தார்கள். அக்கா அழவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டார்.

"உம் பொண்ணோட ஸ்கூல் டிரஸ்ஸ யாரு தச்சா டீச்சர்? நீ போட்டிருக்கியே அண்ணே, அந்தக் கோட்டுக்கு வயித்துக்கிட்ட ரெண்டு தரம் பிரிச்சுத் தச்சனே, ஞாபகம் இருக்கா? என்னதான் பண்ணேன் உங்களுக்கு? ஒருத்தர் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, போயிடறேன்."

அப்போது ஒன்று நடந்தது. டீச்சர் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார். பிறகு முற்றத்தில் இருந்த அத்தனை பேரும், லிஃப்ட்டில் நிற்பதுபோல், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இதை நான் எந்த அட்டையிலும் எழுதவில்லை. எங்கள் தொழிலில் இந்த மாதிரி ஒரு காட்சி ஆயுளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. என் பென்சில் தானாக ஓடியது.

தூறல் வலுத்தது. மெஷின் நனைவதைப் பார்த்த அக்கா தாங்கமாட்டாமல் வெளியே ஓடி, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். அதாவது தானாகத்தான் வெளியே போனார், யாரும் தள்ளவில்லை. போர்த்திவிட்டுத் திரும்பி வந்து கேட்டருகில் நின்றார். கேட் பாதி திறந்திருந்தது.

யாரும் சாத்தவில்லை.

காத்திருந்தேன். டீச்சர் அழுதுகொண்டிருந்தார், முதுகு குலுங்குவதில் தெரிந்தது. "விட்டுடலாங்க, பாவம்" என்று சுவரைப் பார்த்தே சொன்னார். பேங்க் அண்ணன் திரும்பிவிட்டார். அங்கியின் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, "போதும்பா. அக்கா உள்ள வரட்டும். எவன் வந்து கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையைத் திருப்பினார்கள். நான் வரைவதை நிறுத்தினேன். எடிட்டர் அம்மா சொன்னதுதான் கடைசியில் சரியாகிவிடுமோ என்று தோன்றியது. இத்தனை நாள் உழைப்பும் இன்னும் ஒரு நிமிஷத்தில் வீணாகப் போகிறது. அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் பரவாயில்லை, நல்லவர்களாகவும் இல்லை, பாதியில் நிற்கிறார்கள். பாதியில் நிற்கிறவர்களை வைத்து ஒரு காட்சியும் முடிக்க முடியாது.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இறங்கினேன். சுவர்ப் பக்கமாகவே இறங்கினேன். எல்லாரும் எனக்கு வழி விட்டார்கள். பேங்க் அண்ணன் என் தோளைத் தட்டினார், நான் கேட்டைத் திறக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது. அக்காவும் அப்படித்தான் நினைத்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா தம்பி. எனக்குத் தெரியும், நீ வருவன்னு."

கேட் கனமானது, கீல் துருப்பிடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் அசையும். கேட் வந்து மோதுகிற தூணை அக்கா ஒரு கையால் பிடித்திருந்தார். நீங்கள் காட்டிய அறிக்கையில் 'கவனக்குறைவால்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். வரைகிறவன் முதலில் கையைத்தான் பார்ப்பான், நானும் பார்த்தேன். வலது கை, கட்டை விரலும் அதற்கு அடுத்த இரண்டும். ஊசி பிடிக்கிற விரல்கள். இனி அவை மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், டீச்சர் சொன்னார்.

அக்கா உடனே கத்தவில்லை. முதலில் என்னைப் பார்த்தார், ஏதோ தவறிப் போயிற்று, நான் இப்போது சரிசெய்துவிடுவேன் என்பதுபோல. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த முகத்தை அன்றைக்கே வரைந்து அனுப்பிவிட்டேன். எடிட்டர் அம்மா போனில், "நம்ப முடியுது" என்றார்.

மறுநாள் நீங்கள் வந்து வீடு வீடாக விசாரித்தீர்கள். அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்றால் மேலேயிருந்து வந்தது என்று எல்லாரும் கையைக் காட்டினார்கள். என்னிடம் கேட்டீர்கள், நான் எழுதியது என்று உடனே சொன்னேன். அக்காவைத் தவிர அதைக் கேட்க நினைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான். குடையும் எழுத்தும் வாசகமும் என்னுடையவை. கேட்டைச் சாத்தியதும் நான்தான். இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் நேற்று திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டீர்கள்: அவர்களே மனசு மாறிவிட்டார்களே, நீ எதற்காக இறங்கிப் போய்ச் சாத்தினாய் என்று. ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். கோபம் இல்லை, பகை இல்லை, ஆசைப்பட்டும் செய்யவில்லை. யாராவது ஒருவர் சாத்தத்தான் வேண்டும், மேடம். அறிவிப்பில் அப்படித்தான் போட்டிருந்தது.